கூடையில் இல்லாத கயிறு

பதுளைக்கு ரயில் வந்துவிட்டது. இப்போதைய பொலிஸ்காரர்கள் காலையில் ஹாலிஎலவுக்குப் போய் விசாரித்துவிட்டுப் பகல் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுகிறார்கள். போன மாதம் அவர்களில் இரண்டு பேர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நாங்கள் புருஷனும் பெண்சாதியுமாக விசாரணைக்குப் போய், திரும்பும்போது வண்டியில் ஒரு வார்த்தை பேசாமல் வருவோமாமே, அது நிஜமா என்று கேட்டார்கள். நிஜம்தான் என்றேன். அதை எழுதிக் கொடுங்கள் அம்மா என்றார்கள். என் வீட்டுக்காரரிடமும் அதையே கேட்டார்கள். அவர் வழக்கம்போலத் தலையை மட்டும் ஆட்டினார்.

பேச்சுவாக்கில் துண்டு பற்றிச் சொன்னேன். அப்படியென்றால் என்ன என்று அதில் ஒருவர் கேட்டபோது எனக்குத் திக்கென்றது. துண்டுச் சட்டம் போய் எத்தனை நாளாகிவிட்டது? அதற்குள் மறந்தாயிற்று. தோட்டத்துத் துரை கையெழுத்துப் போட்ட விடுப்புச் சீட்டுக்குப் பெயர் துண்டு. அது இல்லாமல் ஓர் ஆள் தோட்டத்தை விட்டுப் போனால் ஓடிப்போனவர் என்று பிடித்து மறியல் வீட்டில், ஜெயிலில், அடைப்பார்கள். அது கையில் இருந்தால் எந்த மலையிலும் போய்ப் பேர் பதியலாம். நான் எழுதப்போகும் கதை முழுக்க இந்தச் சீட்டைச் சுற்றித்தான்.

என் பெயர் ஞானம்மா. பிறந்தது லயத்தில், தோட்டக் கூலிகளின் வரிசை வீடுகளில். தாய் தகப்பன் காய்ச்சலில் போனபின் மிஷன் பள்ளியில் வளர்ந்தேன், எழுதப் படிக்கக் கற்றேன். பொலிஸில் பிடித்துவரும் பெண்களைச் சோதனை போட ஒரு பெண் வேண்டும், அவள் எழுதவும் தெரிந்தவளாக இருக்க வேண்டும் என்று தேடினார்கள். இந்த ஊரில் அப்படி என்னை விட்டால் ஆள் இல்லை. அங்கே மொழிபெயர்ப்பாளராக இருந்தவர்தான் அருளப்பன். முதல் வருஷம் சண்டை போட்டோம், இரண்டாம் வருஷம் பேசாமல் இருந்தோம், மூன்றாம் வருஷம் கல்யாணம் செய்துகொண்டோம்.

எங்கள் இன்ஸ்பெக்டர் பறங்கிக்காரர். மெலிந்த மனிதர், குரலை உயர்த்தியதே இல்லை. அவருக்குப் பின்னால் எல்லோரும் அவரை ரெண்டு தாள் ஐயா என்றுதான் சொல்வார்கள். விசாரணைக்கு எப்போதும் இரண்டு பேரை அனுப்புவார். அருளப்பன் ஆபீஸுக்கும் கங்காணி வீட்டுக்கும் போக வேண்டும். நான் பெண்கள் குளிக்கிற பீலிக்கும் லயத்துக்கும் போக வேண்டும். திரும்பி வந்ததும் ஆளுக்கொரு மேசையில் உட்கார்ந்து ஆளுக்கொரு தாளில் எழுதி, உறையில் போட்டு அரக்கு வைத்துக் கொடுக்க வேண்டும். அதுவரை ஒருவரிடம் ஒருவர் வழக்கைப் பற்றி மூச்சு விடக் கூடாது. ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்டுவிட்டால் தான் பார்த்ததையே மாற்றிப் பார்த்துவிடுவார் என்பது அவர் எண்ணம்.

தாள்கள் கைக்கு வந்ததும் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார். என் தாளை முதலில் படிப்பார். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒத்துப்போகாத இடத்தில் மட்டும் சிவப்பு மையால் கோடு போடுவார். அந்தக் கோடு விழுந்த இடத்திலிருந்துதான் அவர் விசாரணை தொடங்கும். ஒரு முறை கதவு பூட்டியிருந்தது, வீட்டில் யாரும் இல்லை என்று அருளப்பன் எழுதியிருந்தார். அடுப்பு சூடாக இருந்தது என்று நான் எழுதியிருந்தேன். இரண்டும் உண்மைதான். கூரைக்கு மேலே ஒளிந்திருந்த ஆளை அந்தக் கோடுதான் பிடித்துக் கொடுத்தது. எங்கள் கல்யாணத்துக்கு அவர் கொடுத்த பரிசு என்ன தெரியுமா? இரண்டு மைக்கூடு. ஆளுக்கொன்று.

காதர் நானாவின் கரத்தையில்தான் போய் வருவோம். அவர் கடைவீதியில் சாமான் கடை வைத்திருந்தவர், மாடும் வண்டியும் உண்டு. பின்னால் நாங்கள் இரண்டு பேரும் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, என் மாடு கூட உங்களை விடப் பேசும் என்பார். முதல் சில வருஷம் அந்த மௌனம் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. பேசக் கூடாது என்றுதானே சட்டம், கையைப் பிடிக்கக் கூடாது என்று இல்லையே.

அந்த மௌனத்தில் மண் விழுந்தது ராக்குவால். ராக்கு என்ற பெண் ஒரு தோட்டத்திலிருந்து ஓடிப்போய்த் தன் அக்காள் லயத்தில் ஒளிந்திருந்தாள். எனக்கு அது பீலியடியில் தெரிந்தது. நாங்கள் அங்கே போனது வேறொரு விசாரணைக்கு. அதனால் தாளில் எழுத வேண்டிய அவசியம் இல்லை. வீட்டில் சோறு போடும்போது புருஷனிடம் சொல்வதுபோல் சொன்னேன். அவர் காலையில் போய் எழுதிக் கொடுத்துவிட்டார். தெரிந்த பிறகு மறைக்க முடியாது என்றார்.

ராக்குவைப் பிடித்து வந்தார்கள். பெண்களைச் சோதனை போடுவது என் வேலை ஆயிற்றே. அவள் மடியைத் தடவிப் பார்த்தது என் கை. அப்போது அவளுக்கு ஐந்து மாதம். என்னை ஏசவும் இல்லை, சபிக்கவும் இல்லை.

"அக்கா, நீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அதன் பிறகு இரண்டு வருஷம் நான் அவரிடம் வீட்டிலும் எதையும் சொல்லவில்லை. சோறு போடுவேன், வேட்டி துவைப்பேன், அவ்வளவுதான். அவருக்கும் அலுத்துப் போயிருக்க வேண்டும். கண்டிக் கோர்ட்டில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, மாத முடிவில் போகலாமா என்று கேட்டார். நீங்கள் போங்கள், எனக்கு இங்கே வேலை இருக்கிறது என்றேன். அவர் அதற்கும் தலையைத்தான் ஆட்டினார். எனக்கு உள்ளுக்குள் அழுகையாக வந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

அந்த மாதத்தில்தான் வீராயி வழக்கு வந்தது.

ஹாலிஎலவுக்கு மேலே இருந்த ஒரு தோட்டம். சரியான பெயர் வேண்டாம், லயத்துச் சனங்கள் சொன்னதுபோல வெள்ளைப்பாறை என்றே வைத்துக்கொள்வோம். வீராயி அங்கே கொழுந்து பறிப்பவள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்தாள், மலைக்குப் போனாள், திரும்பவில்லை. அவள் கூடையும் கம்பளியும் ஆற்றுப் பாறையில் கிடந்தன. முந்தின நாள் அவள் புருஷன் கருப்பையா அவளை அடித்த சத்தம் லயம் முழுக்கக் கேட்டிருந்தது. அவன்தான் தள்ளிவிட்டான் என்று கங்காணி சொல்ல, அவனைக் கட்டி இழுத்து வந்து அடைத்துவிட்டார்கள். கொலை வழக்கு. நிரூபித்தால் கயிறுதான்.

நாங்கள் போனபோது மழை விட்டிருந்தது. ஆறு கலங்கிப் பெருகி ஓடியது. பாறை மேல் கம்பளி மடித்து வைத்திருந்தது. பக்கத்தில் கூடை. அருளப்பன் குனிந்து கூடையைப் பார்த்தார். தலையில் மாட்டுகிற கயிறு இருக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்து ஒரு நிமிஷம் நின்றார். கயிறு இல்லை. அறுந்து போகவில்லை, முடிச்சை நிதானமாக அவிழ்த்து எடுத்திருந்தது. நான் பார்ப்பது தெரிந்ததும் நிமிர்ந்து ஆபீஸ் பக்கம் நடந்துவிட்டார்.

லயத்தில் பிறந்தவளுக்கு அந்தக் கயிறு என்ன என்று தெரியாதா? சாகப் போகிறவளுக்குக் கயிறு எதற்கு? மூட்டை கட்டத்தான் வேண்டும். ஊரை விட்டுப் போகிறவர்கள் செய்கிற வேலை அது.

பீலியடிக்குப் போனேன். என்னைக் கண்டதும் பெண்கள் எல்லோரும் துணியை அலசுவதில் மும்முரமானார்கள். வீராயிக்கு அடுத்த அறையில், அடுத்த காம்பிராவில், இருந்தவள் மூக்காயி என்று ஒருத்தி, நடுவயசு. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கயிற்றை அவிழ்த்தது யார் என்று மட்டும் கேட்டேன். அவள் கை நின்றுவிட்டது.

"நான்தான் அவுத்தேன்," என்றாள். "அவ பூனாகலப் பக்கம் அக்கா வூட்ல இருக்கா. ஆத்துல போயிட்டான்னு நெனச்சா யாரும் தேட மாட்டாங்கன்னு நாங்கதான் அப்புடி வச்சோம்."

கருப்பையாவைப் பிடித்துப் போனது தெரியாதா என்று கேட்டேன். அவள் முகத்தை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

"எத்தனயோ பொம்பளைங்க ஆத்தோட போயிருக்காங்கம்மா. ஒருத்தராச்சும் வந்து கேட்டிருக்காங்களா? கூலிக்காரி செத்தா யாரு வாறா? இந்தத் தடவ நீங்க வந்து நிப்பீங்கன்னு நாங்க கண்டமா?"

இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் பேச்சு என் காதில் இருக்கிறது. அவர்கள் போட்ட திட்டத்தில் ஒரே ஒரு பிழை, தங்களுக்காகவும் ஒரு விசாரணை நடக்கும் என்று அவர்கள் நினைக்கவில்லை. நான் எழுந்து வந்தேன்.

வண்டியில் வரும்போது அதையே புரட்டிப் புரட்டி நினைத்துக்கொண்டு வந்தேன். சொன்னால் வீராயி இன்னொரு ராக்கு. பிடித்து வந்து மறியலில் போட்டு, பிறகு அதே லயத்துக்கு, அதே அடிக்கு அனுப்புவார்கள். சொல்லாவிட்டால் அடித்தவனே ஆனாலும், செய்யாத கொலைக்கு ஒருவன் சாவான். பக்கத்தில் இருந்த மனுஷனிடம் கேட்கலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. ராக்குவை நினைத்தேன், விழுங்கிவிட்டேன்.

ஸ்டேஷனில் என் மேசையில் உட்கார்ந்து எழுதினேன். கம்பளி, கூடை, ஆற்றில் நீர் மட்டம், பெண்களுக்கு ஒன்றும் தெரியாது. கயிற்றை எழுதவில்லை. அருளப்பன் எழுதியிருப்பார், அங்கே சிவப்புக் கோடு விழும், என் உத்தியோகம் போகும் என்று தெரிந்துதான் அரக்கு வைத்தேன்.

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைத் துடைத்தார். என் தாளைப் படித்தார், அருளப்பன் தாளைப் படித்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்தார். சிவப்புப் பேனாவை எடுத்தவர், தொட்ட மை காயும் வரை அப்படியே வைத்திருந்தார். பிறகு கீழே வைத்துவிட்டார்.

"ஒன்பது வருஷத்தில் உங்க ரெண்டு பேர் தாளும் ஒத்துப்போனது இதுதான் முதல் தடவை," என்றார். "வண்டியில பேசிட்டீங்க."

இல்லை என்றோம் இரண்டு பேரும், ஒரே குரலில். அது இன்னும் மோசமாகப் போயிற்று. வெள்ளிக்கிழமை கருப்பையாவைக் கோர்ட்டில் நிறுத்த வேண்டும், அதற்குள் இரண்டு பேரும் தனித்தனியே யோசித்து வேறு தாள் எழுதிக் கொடுங்கள், இல்லையென்றால் வேறு இரண்டு பேரைத் தேடிக்கொள்கிறேன் என்றார். கோபமே இல்லாமல்தான் சொன்னார். அதைவிட அறைந்திருக்கலாம்.

 அருளப்பன் விரல் கயிறு இருந்த இடத்தில் நின்றதை என் கண்ணால் பார்த்தேனே. ஏன் எழுதவில்லை? வீட்டுக்கு வந்தும் கேட்கவில்லை. கெட்ட புத்தி எனக்கு ஒரு பதிலைக் கொடுத்தது. கயிற்றைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, நேரே துரையிடம் போய்ச் சொல்லிப் பேர் வாங்கப் போகிறார், கண்டி உத்தியோகத்துக்கு ஒரு நற்சாட்சி தேடுகிறார் என்று நினைத்தேன். கட்டிய புருஷனைப் பற்றி அப்படி நினைத்ததை எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது.

காலையில் விழித்தபோது அவர் வீட்டில் இல்லை. காதர் நானா கடைக்கு ஓடினேன்.

"ஒங்கட ஆள் வெள்ளனவே வெள்ளப்பாறைக்குப் போய்ட்டாரே," என்றார் நானா. "தொரையப் பாக்கோணும் எண்டு சொன்னாரு. என்ன புள்ள, மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்கு?"

பண்டாரவளைக்குப் போகும் தபால் கோச்சில் என்னை ஏற்றிவிடுங்கள் நானா என்றேன். அவர் ஒரு கேள்வி கேட்காமல் ஏற்றிவிட்டார். ஹாலிஎலவைக் கடக்கும்போது முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். பண்டாரவளையில் இறங்கி, கேட்டுக் கேட்டு நடந்து, கால் கொப்புளித்துப் பூனாகலைப் பக்கம் அந்த லயத்தைக் கண்டுபிடித்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது.

வீராயி சின்ன உருவம். கன்னத்தில் வீக்கம் வடியவில்லை. பொலிஸ் வருகிறது, எங்கேயாவது போய்விடு என்றேன்.

"எங்கக்கா போறது? இன்னொரு மலைக்கா?" என்றாள்.

பிறகு அவள் புருஷனைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. கொலைக் குற்றம் என்றதும் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.  மூலையில் கிடந்த சேலை இரண்டையும் எடுத்து மடித்தாள். அந்தக் கூடைக் கயிற்றால் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"அடிச்சான்தான். அதுக்காக அவன் சாகணும்னு நான் கேக்கல. வாங்க போவோம்," என்றாள்.

துண்டு இல்லாமல் வந்தால் உன்னையும் அடைப்பார்களே என்றேன். தெரியும் என்றாள். அவள் மூட்டையைப் பார்த்தேன். நாளைக்கு இதை அவிழ்த்துச் சோதனை போடப் போவதும் என் கைதான் என்று நினைத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினேன்.

அப்போதுதான் பாதையில் அவர் வருவதைக் கண்டேன். தொப்பலாக நனைந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார். வாசலில் போய்க் கையை விரித்து நின்றேன்.

"உள்ள போகக் கூடாது," என்றேன். "என்னத் தாண்டித்தான் போகணும்."

"நான் உள்ள போக வரல, ஞானம்," என்றார். "இத அவகிட்டக் குடு."

எண்ணெய்ச் சீலையில் சுற்றிய ஒரு காகிதம். பிரித்தேன். வெள்ளைப்பாறைத் துரையின் கையெழுத்து. வீராயி என்ற பெண்ணாள் தோட்டத்திலிருந்து விடுவிக்கப்பட்டாள். துண்டு.

துரை எப்படிக் கொடுத்தார் என்று கேட்டேன். விசாரணைக் காகிதங்களோடு வைக்க வீராயியின் துண்டு வேண்டும் என்று கேட்டாராம். போய்ச் சேர்ந்தவளுக்குத் துண்டு எதற்கு என்று துரை சிரித்தாராம். பொலிஸ்காரருக்குக் காகிதப் பைத்தியம் என்று சொல்லிக்கொண்டே எழுதிக் கையெழுத்துப் போட்டாராம். அதைக் கொண்டுபோய் அடுத்த காம்பிராக்காரியான மூக்காயியிடம் காட்டியிருக்கிறார். அதைப் பார்த்த பிறகுதான் அவள் இந்த இடத்தைச் சொல்லியிருக்கிறாள்.

"பொய் சொல்லியா வாங்கினீங்க?" என்றேன்.

"இல்ல," என்றார். "அவ செத்துட்டான்னு நான் சொல்லவே இல்ல. தொரைதான் சொன்னாரு."

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். உள்ளேயிருந்து வீராயி எட்டிப் பார்த்து, யார் செத்துப் போனது என்று பயந்து கேட்டாள். அவளுக்கு அந்தச் சீட்டைப் படித்துக் காட்ட வேண்டியிருந்தது.

மறுநாள் பண்டாரவளையிலிருந்து வீராயியை வண்டிக்காரனுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, நாங்கள் பின்னால் உட்கார்ந்து வந்தோம். இரண்டு வருஷத்துப் பேச்சையும் அன்று பேசினோம். ராக்கு விடுதலையான அன்று அவர் மறியல் வாசலில் போய் நின்றாராம். மன்னிப்புக் கேட்க நினைத்தாராம். அவள் கைக்குழந்தையோடு அவரைத் தாண்டிப் போய்விட்டாளாம். என்னிடம் சொல்லத் தைரியம் இல்லை என்றார். கயிற்றை ஏன் தாளில் எழுதவில்லை என்று கேட்டேன்.

"மறந்துட்டேன்," என்றார்.

வெள்ளிக்கிழமை கோர்ட்டில் வீராயி மூட்டையோடு நடந்து வந்ததைப் பார்க்க வேண்டுமே. துரை எழுந்து, ஓடிப்போனவள், பிடியுங்கள் என்றார். வீராயி துண்டை நீட்டினாள். நீதவான் படித்துவிட்டு, இது உங்கள் கையெழுத்துத்தானே என்று துரையைக் கேட்டார். கருப்பையாவை விட்டார்கள். அவன் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதான். அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு மூட்டையைத் தூக்கிக்கொண்டு பூனாகலைப் பாதையில் போனாள். அவன் வெள்ளைப்பாறைக்குப் போனான்.

இன்ஸ்பெக்டர் எங்களைக் கூப்பிட்டு அந்தத் துண்டில், அவள் காணாமல் போன பிறகு போட்டிருந்த தேதியை நெடுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடியும் கழற்றித் துடைத்தார்.

"தாள் ரெண்டுதான். அதில மாற்றமில்ல," என்றார். "வண்டியில மட்டும் இனிமேல் பேசிக்கலாம்."

அருளப்பன் கண்டிக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு பதினேழு வருஷம் நாங்கள் சேர்ந்து வேலை செய்தோம். பேச அனுமதி கிடைத்தும் வழக்கைப் பற்றி வண்டியில் நாங்கள் பேசியதே இல்லை. வேறு எல்லாவற்றையும் பேசினோம். வாயை மூடிக்கொண்டு வாருங்கள், மாடு மிரளுது என்று காதர் நானா கெஞ்சும் அளவுக்குப் பேசினோம்.

இதை எழுத உட்கார்ந்தபோது அவரும் எழுத உட்கார்ந்தார். பழைய பழக்கம் விடுமா? நான் சமையலறையில், அவர் முன்னறையில். அவர் நேற்றே முடித்து உறையில் போட்டு ஒட்டிவிட்டார். இன்று காலை அவர் கடைக்குப் போன நேரம், எங்கள் உத்தியோகத்துக்கே அவமானமான காரியத்தைச் செய்தேன். உறையைப் பிரித்தேன்.

சிவப்பு மை பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படித்தேன். பூனாகலை லயத்து வாசலில் தான் எதுவும் பேசவில்லை, மூச்சு வாங்கியது என்று எழுதியிருக்கிறார். அங்கே ஒரு கோடு போட்டேன். அன்று மழையே இல்லை என்று எழுதியிருக்கிறார். நனைந்து வந்தது யாராம்? அங்கேயும் ஒன்று போட்டேன். பிறகு இந்த இடம் வந்தது.

"கூடையில் கயிறு இல்லாததைப் பார்த்தேன். ஞானமும் பார்த்தாள். அவள் அதை எழுதமாட்டாள் என்று எனக்குத் தெரியும். நான் எழுதினால் அவள் மறைத்தவள் ஆவாள். அதனால் நானும் எழுதவில்லை. மறந்துவிட்டதாக அவளிடம் சொல்லியிருக்கிறேன்."

அங்கே கோடு போட எனக்கு ஒன்றும் இல்லை. பேனாவைத் துடைத்து வைத்துவிட்டு, அவர் வருகிறாரா என்று பார்க்க வாசலுக்குப் போனேன்.